பதினேழாம் எண் வீட்டுக் குடித்தனக்காரர்கள்

அந்த அலுவலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'என்டர் அக்கா' என்றால்தான் தெரியும். ஒரு ஆளின் விவரத்தை அடித்து முடித்துவிட்டு அவள் என்டர் பொத்தானைத் தட்டுகிற தட்டில், மூன்று மேஜை தள்ளி இருக்கும் டீ கிளாஸில் அலை எழும்பும். கீழ்த்தளத்துத் தையற்காரர் ஊசியில் நூல் கோர்க்கும் முன் அண்ணாந்து பார்த்து, "தட்டிட்டாளா, இனிமேதான் தட்டுவாளா?" என்று கேட்டுவிட்டுத்தான் கோர்ப்பாராம். அவர் கொஞ்சம் கூட்டிச் சொல்கிற ஆள்தான். ஆனாலும் அவர் விரலில் இருந்த ஊசிக்குத்துகள் பொய் சொல்லவில்லை.

வேலை இதுதான். ஊருக்குள் சுற்றுகிற சுகாதாரப் பணியாளர்கள் ஆளுக்கொரு சீட்டு எழுதிக் கொண்டுவருவார்கள். பெயர், வயது, தொழில், நோய், விலாசம். அதைப் பார்த்துக் கணினிக்குள் இருக்கும் பெரிய அட்டவணையில் சேர்க்க வேண்டும். அலுவலக பாஷையில் அதற்கு 'டேபிள்'. ஆளுக்கு ஒரு வரி. வரி ஏறிவிட்டால் அந்த ஆளுக்கு மருத்துவ அட்டை கிடைக்கும். ஏறாவிட்டால் ஆஸ்பத்திரியைப் பொறுத்தவரை அவர் இன்னும் பிறக்கவே இல்லை.

சேர்க்கலாம், அவ்வளவுதான். எடுக்க முடியாது. முன்னொரு காலத்தில் எடுக்கவும் முடிந்தது. ஒருநாள் யாரோ ஒரு புண்ணியவான் சாப்பிட்ட கையோடு விசைப்பலகையை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தான். துடைத்து முடிப்பதற்குள் ஒரு தெருவே காணாமல் போய்விட்டது. வீடுகள் நிற்கின்றன, வாசலில் ஆட்கள் பல் தேய்க்கிறார்கள், டேபிளில் ஒருவரும் இல்லை. மறுநாளே மேலிடத்து உத்தரவு வந்தது. ஸ்க்ரூடிரைவரோடு ஒருவர் மேஜை மேஜையாகப் போய் 'டெலீட்' பொத்தானை நெம்பி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து அங்கே எல்லா விசைப்பலகைக்கும் ஒரு பல் கிடையாது. கணினிக்குள்ளும் அந்த வசதியைப் பிடுங்கிவிட்டார்கள். என்டர் தட்டும் வரைக்கும் திருத்தலாம். தட்டிய பிறகு கல்லில் வெட்டியதுதான்.

இன்னொரு தொல்லையும் உண்டு. விலாசக் கட்டம் காலியாக இருந்தால் கணினி 'கீய்ங்' என்று கத்தும். 'தெரியாது' என்று போட்டாலும் கத்தும், 'மேம்பாலத்துக்குக் கீழே' என்று போட்டாலும் கத்தும். நிஜமாகவே இருக்கிற வீட்டின் கதவு எண்ணைப் போட்டால்தான் வாயை மூடும். வீடில்லாதவர்களின் சீட்டோ வாரத்துக்கு நாலைந்து வந்துகொண்டே இருக்கும். திருப்பி அனுப்பக் கூடாது. மூலையில் போட்டு வைக்கவும் கூடாது.

அடிக்கிறவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு வழி வைத்திருந்தார்கள். பக்கத்து சீட்டுக்காரி தன் நாத்தனார் வீட்டு விலாசத்தைப் போடுவாள். "வேண்டாதவங்க வீட்டைத்தான் போடணும்க்கா. பின்னாடி ஏதாவது வந்தா அவங்க தலையில விடியட்டும்" என்பாள். என்டர் அக்காவுக்கு அந்த அளவுக்கு வேண்டாதவர்கள் யாரும் அகப்படவில்லை. யோசிக்காமல் விரல் போகிற இடம் ஒன்றுதான். தன் வீடு, பதினேழாம் எண். அட்டை எப்படியும் பணியாளர் கையோடு போய்ச் சேர்ந்துவிடும், விலாசத்தை யார் படிக்கப் போகிறார்கள்? வருஷக்கணக்காக அப்படியே சேர்த்துக்கொண்டு வந்தாள்.

அவள் புருஷன் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். எல்லோருக்கும் 'பெயின்டர்'. கேலி இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"இன்னைக்கு நம்ம வீட்டுக்கு எத்தனை பேரு குடி வந்தாங்க?"

"ரெண்டு பேரு. ஒருத்தருக்கு மூச்சிரைப்பு."

"அப்ப அவரை ஜன்னல் பக்கம் படுக்க வை. இன்னொருத்தர்?"

"காது கேக்காது."

"நல்லதாப் போச்சு. உன் பக்கத்துல போடு, நீ விடற குறட்டைக்கு."

ஒரே அறை, ஒரு சமையல் மூலை, ஒரு ஜன்னல். அந்த வீட்டுக்குள் ஒரு சந்தைக் கூட்டத்தையே குடிவைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள் இரண்டு பேரும்.

பிறகு பெயின்டர் சாரத்திலிருந்து விழுந்தார்.

முட்டி நொறுங்கிப்போயிற்று. ஆஸ்பத்திரியில் ஆணி வைத்து, மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். பதினேழாம் எண் வீடு இரண்டாம் மாடியில் இருக்கிறது. படிக்கட்டோ நத்தை ஓடு மாதிரி சுருண்டு ஏறுவது. ஸ்ட்ரெச்சர் திரும்பாது. கூட வேலை செய்கிறவர்கள் நாலு பேர் வந்து, பெயின்ட் டப்பா ஏற்றுகிற கயிற்றில் ஒரு நாற்காலியைக் கட்டி, அதில் அவரை உட்கார வைத்து, தெருவிலிருந்து ஜன்னல் வழியாகவே உள்ளே இறக்கினார்கள். முதல் மாடிக்காரி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், தன் ஜன்னலைத் தாண்டி ஒரு மனுஷன் மேலே போவதைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பிவிட்டாளாம்.

மாவுக்கட்டைப் பிரித்த டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். "இனிமே மருந்து ஒண்ணும் இல்லை. வேலை தெரிஞ்சவங்க கையால முட்டியை மடக்கி மடக்கி நீட்டணும். இந்த மழைக்காலம் முடியறதுக்குள்ள செஞ்சாத்தான் உண்டு. விட்டுட்டீங்கன்னா கால் கட்டையாயிடும். அப்புறம் சாரத்துல ஏறறதை மறந்துட வேண்டியதுதான்."

தினமும் ஜன்னல் வழியாகக் கயிறு கட்டி இறக்க யாரால் முடியும்? நாலு பேருக்கும் வேலை இருக்கிறது. வெளியிலிருந்து பிசியோதெரபிக்கு ஆள் கூப்பிடலாம் என்றால், பெயின்டர் படுத்ததும் வீட்டு வரும்படி பாதியாகிவிட்டது. மிச்சமிருந்தது ஒரே வழி. அவள் அலுவலகமே புதிதாக ஆரம்பித்திருந்த திட்டம். மருத்துவ அட்டை இருந்தால் பிசியோதெரபி வீட்டுக்கே வரும்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஊரையெல்லாம் தன் வீட்டில் சேர்த்தவள், சொந்தப் புருஷனைச் சேர்க்கவே இல்லை. 'நம்ம வீட்டு வேலைதானே, எங்க ஓடப் போகுது' என்று விட்டது விட்டதுதான்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக அவரைச் சேர்த்தாள். பெயர், வயது, தொழில் பெயின்டர், நோய் முட்டி முறிவு, விலாசம் பதினேழு. என்டர். டீயில் அலை எழும்பியது. திரையில் ஒரு வாசகம் வந்து நின்றது: 'இந்த விலாசத்தில் இவருக்கு முன் காத்திருப்போர் முந்நூற்றுப் பதினொரு பேர்.'

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். ஒருவர்கூடக் குறையவில்லை.

விஷயம் இப்படி. ஒரு வீட்டுக்கு ஒரு வரிசை, நோய் எதுவானாலும் முதலில் சேர்ந்தவருக்கு முதல் முறை என்று திட்டம் போட்டவர்கள் விதி வைத்திருந்தார்கள். செல்வாக்கு உள்ளவன் இடையில் புகுந்துவிடக் கூடாதாம். நல்ல விதி. யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

மேற்பார்வையாளரிடம் ஓடினாள். அவருக்கு 'சரிதான் சார்' என்று பெயர். எதற்கும் மறுத்துப் பேசியே அறியாதவர்.

"சார், என் வீட்டு விலாசத்துல இருக்கிற முந்நூறு பேரையும் எடுக்கணும்."

"சரிதான்."

"எப்படி சார் எடுக்கறது?"

"சரிதான், எப்படி எடுக்கறது?" என்று அவளையே திருப்பிக் கேட்டார்.

"எங்க வீட்டுக்காரரை மட்டுமாவது வேற விலாசத்துல திரும்பச் சேர்க்கலாமா?"

"சேர்த்தா, ஆள் ஏற்கெனவே இருக்காருன்னு கத்துமே. வீடு மாறிட்டாருன்னு போடலாம். ஆனா புது வீட்டுல அவர் நிஜமாவே இருக்காரான்னு ஆள் வந்து பார்ப்பாங்க. உங்க வீட்டுக்காரர் படி இறங்குவாரா?"

"படி இறங்கினா எனக்கு எதுக்கு சார் இந்தத் திட்டம்?"

"அதுவும் சரிதான்" என்றார், உண்மையான வருத்தத்தோடு.

டேபிளை ஆளுகிறவர் மேல் மாடியில் இருந்தார். மாடிக்காரர் என்பார்கள். நல்ல மனிதர். அவளை உட்காரச் சொல்லி, மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவிட்டார்.

"அக்கா, உங்க கிட்ட மறைக்கறதுக்கு என்ன? என்னாலயும் சேர்க்கத்தான் முடியும். எங்க மாமனாரை நான்தான் சேர்த்தேன். ஆண், பெண் கட்டத்துல கை தவறிடுச்சு. வருஷா வருஷம் அவருக்கு, பிரசவத்துக்கு முன்னாடி பரிசோதனைக்கு வாங்கன்னு கடுதாசி வருது."

"அவரு என்ன சொல்றாரு?"

"என்கூடப் பேசியே நாலு வருஷமாச்சு."

ஆனாலும் அவள் எதிரிலேயே தலைமை அலுவலகத்துக்குக் கோரிக்கை அனுப்பினார். உடனே பதில் வந்தது. 'தங்கள் கோரிக்கை சேர்க்கப்பட்டது.' அதையும் இன்னொரு டேபிளில்தான் சேர்த்திருக்கிறார்கள்.

கீழே வந்ததும் பக்கத்து சீட்டுக்காரி கண்ணீர் விடாத குறையாக அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் அன்னைக்கே சொன்னேன்லக்கா, நாத்தனார் வீட்டைப் போடுன்னு!"

அடுத்த வாரம் வியாழக்கிழமை பிசியோதெரபிப் பெண் வந்தாள். சுருள் படியேறி மூச்சு வாங்க, தோளில் பை, கையில் போன். கட்டிலில் பெயின்டர் காலை நீட்டித் தயாராகக் காத்திருந்தார். முகச்சவரம்கூடச் செய்திருந்தார்.

"குடை ரிப்பேர் பண்றவர் யாருங்க?" என்றாள் அந்தப் பெண், போனைப் பார்த்துக்கொண்டு.

"நான் பெயின்டர்மா."

"இதுல குடை ரிப்பேர்னுதான் வருது. மேல இருக்கிற பேருக்குத்தான் நான் பண்ண முடியும். அவரு இல்லைன்னா 'வீட்டில் இல்லை'ன்னு போட்டுட்டுப் போகணும். மூணு வாரம் அப்படிப் போட்டாத்தான் அடுத்த ஆள் வருவாரு."

அக்கா எல்லாவற்றையும் கொட்டினாள். அந்தப் பெண் கேட்டுக்கொண்டே கட்டிலில் கிடந்த முட்டியைப் பார்த்தாள். கை தானாக நீண்டது. பாதியில் மடங்கிவிட்டது.

"தொடக் கூடாதுங்க. எங்க ஆள் ஒருத்தி இரக்கப்பட்டு வரிசையில இல்லாதவருக்குப் பண்ணப் போய் வேலையே போயிடுச்சு. நீங்களும் உங்க பாட்டுக்கு மடக்கிடாதீங்கக்கா. பழக்கமில்லாத கை பட்டா ஆணி விட்டுப் போயிடும்."

ஆளுக்கு மூன்று வாரம், முந்நூற்றுப் பதினொரு பேர். பெயின்டர் மோட்டுவளையைப் பார்த்தபடி மனக்கணக்குப் போட்டார். சுவருக்கு எத்தனை டப்பா என்று கண்ணாலேயே அளக்கிறவர், தப்பாது.

"பதினெட்டு வருஷம் ஆகும்" என்றார். "அதுக்குள்ள முதியோர் வரிசைன்னு தனியா ஒண்ணு போட்டுருவாங்க. அதுலயாவது முதல்ல சேர்த்துவிடு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும் வரவில்லை என்பது அவர் சொல்லிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டதில் தெரிந்தது.

வராவிட்டால்தானே மூன்று வாரம்? ஆளையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டால்? அக்கா பழைய சீட்டில் பார்த்த ஞாபகத்தில் மேம்பாலத்துக்குப் போனாள். தூணுக்கும் தூணுக்கும் நடுவில், கம்பி எலும்புக்கூடுகளாகக் குடைகள் தொங்க, குடைக்காரர் உட்கார்ந்திருந்தார். மேலே லாரிகள் போகும்போதெல்லாம் குடைகள் நடுங்கின.

"அண்ணே, உங்களுக்கு வீடு விலாசம் ஏதாவது உண்டா?"

"இல்லாம என்ன தங்கச்சி?" அவர் சட்டைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் சுற்றிய மருத்துவ அட்டையை எடுத்து, தூர வைத்து, பெருமையோடு படித்துக் காட்டினார். "கதவு எண் பதினேழு, இரண்டாம் மாடி. நான் பார்த்ததில்லை. ஜன்னல் இருக்குமா அங்க?"

இவரிடம் போய் என்னவென்று சொல்வது? "இருக்குண்ணே" என்றாள். "வியாழக்கிழமை வந்து பாருங்க."

வியாழக்கிழமை வந்தார். ஒவ்வொரு படியிலும் நின்று, சுவரைப் பிடித்து, முட்டியைக் கையால் தூக்கி வைத்து. பிசியோதெரபிப் பெண்ணுக்கு ஒரே சந்தோஷம். ஆள் இருக்கிறார், முடித்து அனுப்பிவிடலாம். முட்டியைப் பிடித்துப் பார்த்தாள். முகம் மாறியது.

"இவருக்கு நிஜமாவே மோசமா இருக்குங்க. பத்து வாரம் பண்ணணும்."

அக்காவின் கணக்கில் இது இல்லை. வராத ஆளுக்கு மூன்று வாரம். வந்த ஆளுக்குப் பத்து.

குடைக்காரர் கட்டிலையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். தெருவில் வாழ்கிறவர்களுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. "எனக்கு வேண்டாம்னு எழுதிக்கம்மா" என்றார். "இந்த முட்டி உக்காந்து பொழைக்கிற முட்டி. அவரு ஏணி ஏறறவரு. அவரைப் பாரு."

'சரிண்ணே' என்று சொல்ல அக்காவுக்கு வாய் திறந்துவிட்டது. அதைக் கையால் பொத்திக்கொண்டாள்.

அந்தப் பெண்தான் போனைத் தள்ளிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "அய்யா வேண்டாம்னாலும் அடுத்து பலூன் வியாபாரின்னு ஒருத்தர் இருக்காரு. அவரைத் தாண்டினாலும் இன்னும் முந்நூத்தி ஒன்பது பேரு."

பலூன் வியாபாரி ஊரை விட்டே போய் எத்தனையோ காலம் ஆகிறது. குடைக்காரர் தன் முறையை விட்டுக்கொடுத்தாலும் அதை வாங்கிக்கொள்ள வரிசையில் ஆள் இல்லை. விட்டுக்கொடுப்பதற்குக்கூட அந்த டேபிளில் ஒரு கட்டம் வைக்கவில்லை.

"நீட்டுங்கண்ணே காலை" என்றார் பெயின்டர் கட்டிலிலிருந்து. "ஒருத்தர் முட்டியாவது இந்த வீட்டுல மடங்கட்டும்."

அந்தப் பெண் எழுந்தாள். குடைக்காரரின் நாற்காலியை இழுத்துக் கட்டிலுக்கு நேர் எதிரே திருப்பிப் போட்டாள். தேவைக்கு அதிகமான சத்தத்தில் சொல்ல ஆரம்பித்தாள். "குதிகாலைத் தரையில தேய்ச்சபடியே பின்னாடி இழுங்க... வலிக்கிற இடத்துல நிறுத்துங்க... பத்து எண்ணுங்க... நான் அய்யாவுக்குத்தான் சொல்றேன். வேற யார் காதுலயாவது விழுந்தா எனக்குத் தெரியாது."

பெயின்டர் குதிகாலை மெத்தையில் தேய்த்தார். போர்வை சுருண்டது. கால் வந்ததா என்றால், போர்வைதான் வந்தது.

அந்த மழைக்காலம் அப்படியே போயிற்று. வியாழக்கிழமை தவறாமல் குடைக்காரர் வந்தார். நாளாக ஆகச் சுவரைப் பிடிக்காமல் ஏறினார். பிறகு ஒருநாள் இரண்டு இரண்டு படியாக ஏறிவிட்டு, வாசலில் நின்று திருட்டுத்தனம் செய்தவர் போலத் தலையைக் குனிந்துகொண்டார். "நல்லாத்தானேண்ணே இருக்கு, அதுக்கு ஏன் மூஞ்சியைத் தொங்கப் போடறீங்க?" என்று பெயின்டர் அதட்ட வேண்டியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே சாரல் அடிக்காமல் பழைய குடை ஒன்றைப் பிரித்துக் கட்டிவிட்டுப் போனார். அவரால் ஆனது அது.

பெயின்டரின் முட்டி, கீழே ஒரு தலையணை நுழைகிற அளவுக்கு மடங்கியது. அதற்கு மேல் அசைந்துகொடுக்கவில்லை. அக்கா ஒருநாள் துணிந்து கணுக்காலைப் பிடித்தாள். அவர் போட்ட சத்தத்தில் முதல் மாடிக்காரி கரண்டியோடு ஓடி வந்தாள். அன்றோடு அக்கா கையை எடுத்துக்கொண்டாள். மழை விட்டுவிட்டது. கடைசி வியாழக்கிழமை பிசியோதெரபிப் பெண் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று கட்டிலைப் பார்த்தாள். ஏதாவது சொல்வாள் என்று அக்கா எதிர்பார்த்தாள். "அடுத்த வாரம் பலூன்காரருக்கு வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுருள் படியில் இறங்கிப் போனாள்.

மறுநாள் அலுவலகத்தில் ஒரு சீட்டு வந்தது. வயதான பெண், தொழில் ஒன்றும் இல்லை, மூச்சிரைப்பு, விலாசம் காலி. பஸ் நிலையத்து டிக்கெட் கவுண்டர் ஓரமாகப் படுத்திருக்கிறாள் என்று பணியாளர் ஓரத்தில் பென்சிலால் குறித்திருந்தார். அக்கா பெயரை அடித்தாள், வயதை அடித்தாள். விலாசக் கட்டத்துக்கு வந்ததும் விரல்கள் நின்றன.

'கீய்ங்.'

"என்னக்கா, கத்த விட்டுட்டு உக்காந்திருக்கே?" என்றாள் பக்கத்து சீட்டுக்காரி. "எங்க நாத்தனார் வீட்டைப் போடு. அங்க தாராளமா இடமிருக்கு."

அந்த நாத்தனாருக்கும் ஒருநாள் கால் தவறும் என்று அக்காவுக்குத் தோன்றியது. எந்த வீட்டைப் போட்டாலும் அந்த வீட்டில் முட்டியுள்ள ஆட்கள்தான் இருப்பார்கள். போடாவிட்டால் பஸ் நிலையத்தில் படுத்திருப்பவளுக்கு மூச்சுக்கு மருந்து இல்லை. பின்னால் சரிதான் சார் வந்து நின்று, கத்துகிற கணினியை வருத்தத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

இவள் பெயின்டருக்குப் பின்னால்தானே வரப்போகிறாள், இவளால் அவருக்கு என்ன வந்துவிடும் என்று நினைத்தாள். நினைத்த பிறகுதான், இனி அவருக்கு முன்னால் யார் வந்தாலும் பின்னால் யார் வந்தாலும் ஒன்றுதான் என்று புரிந்தது.

பதினேழு என்று அடித்தாள். என்டரை அழுத்தினாள். டீயில் அலை எழும்பவில்லை. ஏறியதா இல்லையா என்று பக்கத்து சீட்டுக்காரி எட்டிப் பார்த்துக்கொண்டாள். ஏறியிருந்தது.

சாயங்காலம் செருப்பைக் கழற்றினாள். மழைக்காலம் முழுக்கக் கேட்காமலே இருந்தவர் அன்று கேட்டார்.

"யாராவது குடி வந்தாங்களா?"

"ஒருத்தங்க. வயசானவங்க." கொஞ்சம் நிறுத்தி, "மூச்சிரைப்பு" என்றாள்.

பெயின்டர் ஜன்னலைப் பார்த்தார். கட்டில் போட்டிருந்தது அங்கேதான். முறிந்த காலோடு அவரை இறக்கி வைத்த நாளிலிருந்து அந்த இடம் அவருடையது.

"அப்ப ஜன்னல் பக்கம் இடம் விடணுமே" என்றார். இரண்டு கையையும் மெத்தையில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, சுவர்ப்பக்கமாக ஒரு முழம் நகர்ந்தார். கால் அவரோடு வரவில்லை. வைத்த இடத்திலேயே கிடந்தது.

அவள் போய் அதை இரண்டு கையாலும் தூக்கி, அவர் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள்.